முளைநெல் போன மத்தியானம்

ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன என்னையும் எங்கள் குடியேற்றத் திட்டத்து விவசாயப் பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள். அங்கு படித்த இரண்டு வருடங்களை நினைத்தால் அந்தோனியின் முகம்தான் வருகிறது. முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்தவன். எங்களில் அவன் ஒருவன்தான் மீனவர் மகன்.

அன்று நாற்றுமேடைக்குத் தண்ணீர் பாய்ச்சும் முறை எங்கள் இருவருக்கும். "வாய்க்காலை நான் அடைக்கிறன், நீர் போய்ச் சாப்பிடும், அந்தோனி" என்று அவனை அனுப்பிய நான், அடைக்க மறந்து பின்னாலேயே போய்விட்டேன். மேடையில் விதைத்திருந்த புது இன முளைநெல் முழுவதும் வெள்ளத்தோடு போயிற்று.

"கடலிலை நிண்டவனுக்கு வாய்க்கால் அடைக்கத் தெரியுமே, சேர்?" என்று வாத்தியாரிடம் கேட்டான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"போய் வலையை இழு. நாளைக்கு இஞ்சை நிக்கக்கூடாது" என்றார் வாத்தியார்.

அந்தோனி என்னையே பார்த்தான். நான் காலில் ஒட்டிய சேற்றை உரசிக்கொண்டு நின்றேன்.

மறுநாள் பஸ்ஸடியில் அவனுடைய பெட்டியைத் தூக்கப் போனேன்.

"வையும். நேற்று வாய் திறக்காதவர் இப்ப ஏன் தூக்கிறீர்?"

என்னைக் கூச்ச சுபாவக்காரன் என்று ஊரில் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொள்வேன். ஆனால் அன்று என் வாயை அடைத்தது கூச்சமல்ல. போகிறவன் நானில்லை என்ற சந்தோஷம்.