ஜெபத்தில் சமாதானம் இல்லை

ஜாலான் புசாரில் ஓர் இரும்புக் கடைக்கு மேலே மாடி அறையில் குடியிருந்த அன்னம்மாவைத் தெரியாத தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம் அந்த வட்டாரத்தில் கிடையாது. பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. படிப்பு என்று பார்த்தால், வேதப்புத்தகத்தை எழுத்துக்கூட்டாமல் வாசிப்பாள், அவ்வளவுதான். ஆனாலும் சபையில் யார் வீட்டில் என்ன காரியம் என்றாலும் முதலில் அவளிடம்தான் வந்து நிற்பார்கள். வேலை மாறலாமா, ஊருக்குப் போன புருஷன் கூப்பிடுகிறானே கப்பல் ஏறலாமா, பையனை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் போடலாமா, தமிழ்ப் பள்ளிக்கூடமே போதுமா? எல்லாவற்றுக்கும் ஒரே பேச்சுதான். "அன்னம்மாக்கா, கொஞ்சம் ஜெபிச்சுச் சொல்லுங்க."

சும்மா சொல்லக்கூடாது, அவள் அதைப் பொய்யாகச் செய்ததில்லை. "இது குறி சொல்றதில்ல, தெரியுதா? அப்படி நெனச்சு வந்திருந்தா இப்பவே எறங்கிப் போயிடுங்க" என்று வருகிறவர்களை முதலிலேயே ஓர் அதட்டு அதட்டுவாள். பிறகு வேலை முடிந்து வந்து குளித்து, முந்தானையை முக்காடாகப் போட்டுக்கொண்டு, தகரப் பெட்டியருகே முழங்கால் போடுவாள். காரியத்தை முதல் நாள் 'ஆகட்டும்' என்று வைத்து ஜெபிப்பாள். மறுநாள் அதே காரியத்தை 'வேண்டாம்' என்று வைத்து ஜெபிப்பாள். எந்தப் பக்கம் வைக்கும்போது நெஞ்சு அடங்குகிறதோ, அதுவே கர்த்தருடைய சித்தம் என்பது அவள் கணக்கு. "ஜெபத்துல சமாதானம் இருக்கு, போங்க" என்றால் அந்தக் குடும்பம் அன்றைக்கே காரியத்தில் இறங்கிவிடும். "சமாதானம் இல்ல" என்றால் அத்தோடு சரி. பினாங்குக்கு மாற்றல் வாங்கக் குதித்துக்கொண்டிருந்த ஒரு மூப்பர்கூட அந்த ஒரு வார்த்தைக்குக் கட்டுப்பட்டு, கட்டிய பெட்டியை அவிழ்த்துவிட்டார். அவருக்கு இருந்த வாய்க்கு அது பெரிய விஷயம்தான்.

அவளோடு இருந்தது தங்கை கண்மணி மட்டும். கண்மணியைப் பெற்ற கையோடு தாய் கண்ணை மூடிவிட்டாள். அப்போது அன்னம்மாவுக்குப் பதினான்கு வயது. ஜப்பான்காரன் காலத்தில் அன்னம்மாவின் புருஷனைச் சயாம் ரயில் பாதை போட இழுத்துக்கொண்டு போனார்கள். போனவன் போனவன்தான். அக்காள் மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தங்கைக்குக் கொடுத்துவிட்டுத் தோலைத் தான் தின்றாள். அப்படி வளர்ந்த பெண் இன்று ராபிள்ஸ் பிளேஸில் ஓர் ஆபீஸில் டைப்பிஸ்ட். மாலையில் அவள் மாடிப்படியில் ஏறி வரும் செருப்புச் சத்தம் கேட்டால்தான் அன்னம்மாவுக்கு அன்றைய பொழுது பொழுதாகத் தோன்றும்.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது ஐயரம்மா, அதாவது சபைப் போதகரின் மனைவி, அன்னம்மாவை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"அன்னம்மா, நம்ம பொன்னுதுரை கண்மணியக் கேக்குறாரு. நல்ல பையன். நேவல் பேஸ்ல ஃபிட்டர், குவார்ட்டர்ஸ் கொடுத்திருக்காங்க. கண்மணிக்கும் இஷ்டம்னுதான் தோணுது. நீ ஜெபிச்சுட்டு ஒரு வார்த்தை சொல்லு."

பொன்னுதுரையைப் பற்றிக் குறை சொல்ல அன்னம்மாவுக்கு ஒன்றும் அகப்படவில்லை. தேடித்தான் பார்த்தாள். குடி இல்லை, சீட்டு இல்லை. நேவல் பேஸ் இருக்கும் செம்பவாங்கிலிருந்து பஸ் பிடித்து ஞாயிறு தவறாமல் வந்து ஆர்மோனியம் வாசிக்கிறவன். அவன் வாசிக்கும்போது கண்மணி பாட்டுப் புத்தகத்தைப் பார்க்காமலே பாடுவதை அன்னம்மா கவனித்திருந்தாள். செம்பவாங் என்றால் தீவின் அந்தக் கோடி. அப்புறம் இந்த அறையில் யார் இருப்பார்கள்?

"ஜெபம் பண்ணிச் சொல்றேம்மா" என்றாள்.

அந்த வாரம் அன்னம்மா என்னென்னவோ செய்தாள். ஜன்னல் கம்பியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். தேக்கா மார்க்கெட்டுக்குத் தேவையில்லாமல் இரண்டு தடவை போய்வந்தாள். முழங்காலும் போட்டாள். ஐயருக்காக, இங்கிலீஷ்கார ராணியம்மாவுக்காக, நோயாளிகளுக்காக, மழைக்காகக்கூட ஜெபித்தாள். கண்மணியின் காரியத்தை மட்டும் எடுக்கவில்லை. எடுத்தால் 'ஆகட்டும்' என்று வைக்க வேண்டும். வைத்தால் நெஞ்சு அடங்கிவிடும். அடங்கிவிடும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் கேட்டுச் சொன்ன மகராசி, தன் வீட்டுக் காரியத்தில் ஆண்டவருக்கு வாய் திறக்கவே இடம் கொடுக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐயரம்மா கேட்டார். அன்னம்மா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ஜெபத்துல சமாதானம் இல்லம்மா."

அவ்வளவுதான். ஐயரம்மாவின் முகம் வாடியது, ஆனால் ஏன் என்று கேட்கவில்லை. பொன்னுதுரையும் கேட்கவில்லை. அதுகூடப் பரவாயில்லை. கண்மணியாவது சண்டை போட்டிருக்கலாம். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால்கூட அன்னம்மாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்தப் பெண் துணி மடித்துக்கொண்டே, "ஒனக்குச் சமாதானம் இல்லன்னா எனக்கும் வேண்டாங்கா. கர்த்தருக்குச் சித்தமில்ல, அவ்வளவுதானே" என்று சொல்லிவிட்டு மடித்த துணியை மறுபடியும் பிரித்து மடித்தாள்.

அன்றைக்குப் பிடித்துக்கொண்டது அன்னம்மாவை அந்த உறுத்தல். ஆஸ்பத்திரியில் பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டும்போதெல்லாம், இது கண்மணியின் பிள்ளையாக இருந்திருக்கலாமே என்று தோன்றும். செய்த தப்பின்மேல் பாசத்தைப் பூசி மறைக்கப் பார்த்தாள். தங்கைக்கு நைலான் சேலை வாங்கினாள். மீனில் நடுத்துண்டை அவள் தட்டில் வைத்தாள். "எனக்கு எதுக்குக்கா?" என்று கண்மணி கேட்கும்போது அன்னம்மா தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள். சொல்லிவிடலாம் என்று பல தடவை வாயெடுத்தாள். நாளைக்கு ஆகட்டும், நாளைக்கு ஆகட்டும் என்று நாள் போனது. அட, கோழை!

கீழே பின்கட்டில் ஹலீமா இருந்தாள். அவள் புருஷன் ஒலி முகம்மது பக்கத்துச் சந்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். ஒருநாள் அவளும் அன்னம்மாவும் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது ஹலீமா தன் மகளுக்கு வந்திருந்த சம்பந்தத்தைப் பற்றிச் சொன்னாள்.

"நாங்களும் ஆகட்டுமா வேண்டாமான்னு இஸ்திகாரா தொழுதுதான் கேப்போம்லா. ஆனா ஒண்ணு அன்னம்மா, முடிவ முன்னாடியே மனசுல வச்சுக்கிட்டுத் தொழக்கூடாது. அது அல்லாவுக்கே உத்தரவு போடுற மாதிரி ஆயிடும்னு எங்க வாப்பா சொல்வாங்க."

"நீ எதுக்கு இத எங்கிட்டச் சொல்றே?" என்று அன்னம்மா சீறினாள்.

"ஏன்டியம்மா, பேச்சுக்குச் சொன்னேன். இதுக்குப் போயி இப்படி எரிஞ்சு விழறே?" என்று ஹலீமா சிரித்தாள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. அன்னம்மா பாதிக் கோப்பியை அப்படியே வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

மற்றவர்கள் காரியமும் அதன்பிறகு அவளுக்குக் கூடவில்லை. முக்காடு போட்டு முழங்காலில் நின்றால், கேட்காமல் விட்ட அந்த ஒன்றுதான் முன்னால் வந்து நிற்கும். அதைத் தாண்டிப் போக வழியில்லை. வருகிறவர்களிடம், "எனக்கு ஒடம்பு சரியில்ல, ஐயரக் கேளுங்க" என்றாள். சபை என்ன சொன்னது தெரியுமா? "பாருங்க, என்ன தாழ்மை! எங்கிட்ட ஒண்ணுமில்ல, ஊழியக்காரர்கிட்டப் போங்கன்னு அனுப்புறாங்க" என்றது. பெண்கள் ஐக்கியத்தில் அவளை எழுப்பி நிறுத்திச் சால்வை போட்டார்கள். வீட்டுக்கு வந்து அதைப் பெட்டியின் அடியில் திணித்துவிட்டு, அதன்மேல் உட்கார்ந்து அழுதாள்.

அறுபத்தொன்றில், ஒரு சனிக்கிழமை மத்தியானம். கண்மணி பாடகர் குழுப் பயிற்சிக்குப் போயிருந்தாள். அன்னம்மா மூங்கில் கழியில் ஈரத்துணியைக் கோத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் பொன்னுதுரை. கையில் தொப்பி.

"வாங்க தம்பி" என்றாள்.

அவன் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னான்.

"ஈப்போவுல ஒரு பொண்ணு பாத்திருக்காங்கக்கா. அண்ணன் ஒரே பிடிவாதமா நிக்கிறாரு. எனக்கு மனசு ஒட்டல. ஆனா அது என் மாம்ச ஆசையா, இல்ல கர்த்தர்தான் தடுக்கிறாரான்னு பிரிச்சுப் பாக்கத் தெரியல. கண்மணி விஷயத்துல அவர் ஒங்க வாயாலதான் எனக்கு வேண்டாம்னு சொன்னாரு. ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. ஆனாலும் கீழ்ப்படிஞ்சேன். இதையும் நீங்களே கேட்டுச் சொல்லிடுங்க. ஆகட்டும்னு வந்துச்சுன்னா அடுத்த மாசமே கல்யாணத்த முடிச்சிடறேன்."

"ஐயரக் கேளுங்க தம்பி..."

"ஐயரு நல்லவருதாங்கக்கா. ஆனா எனக்கு நம்பிக்கை ஒங்க ஜெபத்துல. நாளைக்கு ஆராதனைக்கு வர்றப்ப சொன்னாப் போதும்."

போய்விட்டான். ஈரத்துணி கையிலேயே இருந்தது. 'ஆகட்டும்' என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் ஈப்போப் பெண்ணைக் கட்டிக்கொள்வான், கண்மணி என்றைக்கும் இந்த அறையில்தான் இருப்பாள். 'வேண்டாம்' என்றால் இன்னொரு பொய்யை நம்பி அந்த மனிதன் காத்துக்கிடப்பான். முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு முழங்காலில் விழுந்தாள்.

"ஆண்டவரே, பொன்னுதுரைக்கு அந்த ஈப்போப் பொண்ண..." என்று ஆரம்பித்தாள். நாக்கு அதற்குமேல் நகரவில்லை. வேறொன்று தானாக வெளியே வந்தது. "ஆண்டவரே, கண்மணிய அவருக்குக் குடுக்கட்டுமா?"

கேட்டுவிட்டாள். நெஞ்சு அடங்கவில்லை, அழுகைதான் வந்தது. பதிலுக்காக அவள் காத்திருக்கவும் இல்லை. பதில் தெரிந்ததால்தானே இத்தனை நாள் கேட்காமல் இருந்தாள்!

பயிற்சி முடிந்து கண்மணி பாட்டுப் புத்தகத்தோடு மேலே வந்தாள். அக்காளின் முகத்தைப் பார்த்ததும் பயந்துபோனாள்.

"என்னக்கா ஆச்சு? யாருக்கு என்ன?"

"உக்காருடி. பொன்னுதுரை வந்துட்டுப் போறாரு. ஈப்போவுல பொண்ணு பாத்திருக்காங்களாம், என்னை ஜெபிச்சுச் சொல்லச் சொல்றாரு." அன்னம்மா மூச்சு வாங்கினாள். "கண்மணி, அன்னைக்கு ஒன் விஷயத்துல ஜெபத்துல சமாதானம் இல்லன்னு சொன்னேன்ல. அது பொய். நான் ஜெபமே பண்ணல."

"ஜெபமே பண்ணலையா?"

"இல்லடி."

"ஒரு தடவகூட?"

"ஒரு தடவகூட இல்ல. கேட்டா ஆகட்டும்னு சொல்லிடுவாருன்னு பயம். நீ போயிட்டா நான் என்ன செய்வேன்னு பயம். என்னை அடிச்சுடுடி. ஏதாவது சொல்லு."

கண்மணி கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தைப் பெட்டியின்மேல் வைத்தாள். கீழே கடையில் இரும்புக் கம்பியை அறுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"நான் அவர்னு நெனச்சேன்கா."

"யாரு?"

"கர்த்தர். வேண்டாம்னு சொன்னது அவர்தான்னு நெனச்சேன். நான் ஆசப்பட்டுக் கேட்டது இது ஒண்ணுதான். அதக்கூடக் குடுக்க மனசில்லாதவர்கிட்ட எனக்கென்ன பேச்சுன்னு விட்டுட்டேன். கோயில்ல வாய் பாடும், அவ்வளவுதான். ராத்திரி ஒன் பக்கத்துல முழங்கால் போடுவேன்ல, நீ எப்ப எந்திரிப்பேன்னு பாத்துக்கிட்டு சும்மா இருப்பேன். ரெண்டு வருஷமா அவர்கிட்ட நான் ஒரு வார்த்த பேசலக்கா."

அன்னம்மா தங்கையிடமிருந்து ஒரு புருஷனைப் பறித்தோம் என்றுதான் இவ்வளவு காலமும் வெந்துகொண்டிருந்தாள். அதைவிடப் பெரிதாக ஒன்றைப் பறித்திருக்கிறோம் என்பது இப்போதுதான் தெரிந்தது. ஒரு பாவமும் செய்யாத ஆண்டவர்மேல் பழியைப் போட்டு, தங்கை அவரோடு பேசாமல் இருக்க, நடுவில் இவள் சால்வை வாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

கண்மணி எழுந்து முகம் கழுவினாள். தலையை வாரிக்கொண்டு கைப்பையை எடுத்தாள்.

"எங்கடி போறே?"

"நேவல் பேஸுக்கு. அவர்கிட்ட நானே சொல்றேன். ஈப்போப் பொண்ணத்தான் கட்டிக்கிறேன்னு அவர் சொன்னாலும் சரி, உண்மை தெரிஞ்சுக்கிட்டுக் கட்டட்டும். ஐயரம்மாகிட்ட நாளைக்கு நீ சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

"சொல்றேன்டி. எல்லார் முன்னாலயும் சொல்றேன்." அன்னம்மா பதறிப்போய் வாசல்வரை வந்தாள். முக்காடு நழுவித் தோளில் கிடந்தது. "கண்மணி, இப்பவாவது நான் ஒனக்காக ஜெபம் பண்ணட்டுமா? நெசமாவே கேட்டுச் சொல்றேன்."

கண்மணி செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகவே சொல்லியிருக்கலாம்.

"வேண்டாங்கா. நானே கேட்டுக்கிறேன்."