நான் திரும்ப வாங்கிய ஆராத்தித் தட்டு

இலங்கையில் யுத்தம் முடிந்த அதே வருடம், ஒக்டோபர் கடைசி. ரொறன்ரோவில், ரூஜ் பக்கம் எங்கள் வீட்டில் பெரியபிள்ளையான மகளின் சாமத்தியச் சடங்கு. பின்னேரம் மண்டபம், காலையில் வீட்டில் தண்ணீர் வார்ப்பு. விடிய எழும்பி யன்னல் திரையை விலக்கினால் வெளியே வெள்ளை வெளேரென்று கிடக்கிறது. மரங்களில் சிவப்பு இலைகூடக் கொட்டி முடியவில்லை, அதற்குள் முதல் பனி! ஒருவரும் காருக்கு வின்ரர் ரயர் மாற்றியிருக்கவில்லை. ஆராத்தி எடுக்க வரவேண்டிய இரண்டு சுமங்கலிகளில் ஒருவரின் கார் வழியில் சறுக்கி நின்றுவிட்டதாகப் போன் வந்தது.

நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்போதுதான் எங்கள் பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்த பெண்ணின் ஞாபகம் வந்தது. முப்பது வயதிருக்கும். இரண்டு வருடங்களுக்கு முன் தனியே வந்து சேர்ந்தவள். கணவன் வன்னிக்குள் அகப்பட்டுவிட்டான். மே மாதம் அவன் ஆமியிடம் சரணடைந்ததைக் கண்டவர்கள் இருந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை. அவள் பொட்டும் தாலியுமாகத்தான் இருந்தாள். குளிக்கப் போனாலும் போனைக் கொண்டுதான் போவாள்.

கீழே போய் ஆராத்தி எடுக்க வரச்சொன்னேன். "நானோ அக்கா? உண்மையாவோ?" என்று கேட்டபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பத்தே நிமிடத்தில் பட்டுச் சேலை உடுத்து, பெரிய குங்குமப் பொட்டோடு மேலே வந்துவிட்டாள். ஆராத்தித் தட்டை நானே அவள் கையில் கொடுத்தேன்.

உடனே என் மச்சாள், கணவரின் அக்கா, என்னைக் குசினிக்குள் இழுத்தார். "விசரே உமக்கு? அவளின்ர மனுசன் இருக்கிறானோ இல்லையோ ஆருக்குத் தெரியும்? பிள்ளையின்ர நல்ல காரியத்தில உதென்ன வேலை?"

நான் படித்தவள், இதையெல்லாம் நம்பாதவள் என்று நாலு பேருக்குச் சொல்லித் திரிந்தவள். ஆனால் என் பிள்ளைக்கு ஏதும் வந்துவிடுமோ என்று பயந்தேன். நேரே போனேன். ஒரு வார்த்தை பேசாமல் அவள் கையிலிருந்து தட்டை வாங்கி மச்சாளிடம் கொடுத்தேன். அவள் விலகி நின்றாள்.

சடங்கு முடிந்து பார்த்தால் ஆளைக் காணோம். தேடிப் போனேன். வாசலில், ஜக்கெற்றும் இல்லாமல், கொட்டுகிற பனிக்குள் சேலையோடு நின்றாள். குங்குமம் நனைந்து கரைந்துவிடாமல் நெற்றியை ஒரு கையால் பொத்திப் பிடித்திருந்தாள்.

"குளிருது பிள்ளை, உள்ள வாரும்" என்றேன்.

"அவர் செத்துப்போனார் எண்டு உங்களுக்கு ஆர் அக்கா சொன்னது?"

கோபத்தில் கேட்கவில்லை. எனக்கு உண்மையாகவே ஏதோ சேதி வந்துவிட்டது, அதனால்தான் தட்டை வாங்கினேன் என்று நினைத்துவிட்டாள். ஒருவரும் சொல்லவில்லை என்று அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். அவள் நம்பவில்லை. "மறைக்காதேங்கோ அக்கா, எனக்குச் சொல்லுங்கோ" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

அடுத்த மாதமே வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாள். இன்றுவரை அவனைப்பற்றி யாரும் அவளுக்கு ஒரு பதில் சொல்லவில்லையாம். அவளுக்குக் கிடைத்த ஒரே பதில் அன்று நான் செய்த அந்தக் காரியம்தான் என்று நினைக்க, என் சொந்த மகளின் சடங்குப் படங்களைக்கூட என்னால் எடுத்துப் பார்க்க முடிவதில்லை.