அமாவாசைக்கு மறுநாள் வந்த குளிர்

செஞ்சி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய பத்துப் படுக்கை ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வெள்ளை யூனிஃபார்முக்கு நானே கஞ்சி போட்டுத் தேய்ப்பேன். மடிப்பு கலையக்கூடாதென்று பஸ்ஸில் நின்றுகொண்டே வருவேன். இப்போது பெரிய ஊர், பெரிய வார்டு. ஆனாலும் ராஜகிரிக் கோட்டை தெரிகிற அந்த ஊசி அறை ஜன்னலுக்கே மனம் போய்விடுகிறது.

அமாவாசைக்கு மறுநாள் காலை. மேல்மலையனூரிலிருந்து திரும்பிய ஸ்பெஷல் பஸ்ஸிலிருந்து தொண்டூர்க்காரர் ஒருவர் மனைவி கன்னியம்மாவைத் தாங்கிக்கொண்டு வந்தார். மஞ்சள் புடவை, முகமெல்லாம் பூசிய மஞ்சள். பல் கிட்டுகிற நடுக்கம்.

"கோயில்ல ஆத்தா எறங்குச்சு சிஸ்டர். இன்னும் மலையேறல. மேலு சுடுது, அதுக்கு மட்டும் ஒரு மாத்திர குடு" என்றார்.

ஜுரம் நூற்று மூன்று. மலேரியா என்று நினைத்து, சோதிக்க ஒரு சொட்டு ரத்தம் ஸ்லைடில் எடுத்தேன். பிறகு ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தேன். பூசிய மஞ்சள் துணியோடு வந்துவிட்டது. கண் மட்டும் மஞ்சளாகவே இருந்தது. சிறுநீர் என்ன நிறம் என்று கேட்டேன்.

"டீத்தண்ணியாட்டம் போவுது. வெளிய போறது வெள்ளக் களிமண்ணு. இதையெல்லாம் யார்கிட்ட சொல்றது?" என்றாள்.

டாக்டரைக் கூப்பிட்டேன். வலது விலாவுக்குக் கீழே அவர் கை வைத்ததும் கன்னியம்மா துடித்தாள்.

"வலி, குளிர் ஜுரம், காமாலை. மூணும் சேந்து வந்திருக்கு. பித்தக்குழாய் அடைச்சு உள்ள சீழ் பிடிச்சிருக்கு. பி.பி. என்ன?"

"எண்பதுதான் சார்."

"டிரிப் போடு. ஆம்பிசிலின், ஜென்டாமைசின் ஊசி ரெண்டும் ஆரம்பி. உடனே பாண்டிச்சேரிக்கு அனுப்பணும். ஆபரேஷன் பண்ணி அடைப்ப எடுத்தாத்தான் பொழைப்பாங்க."

கணவர் குறுக்கே வந்து நின்றார். "காமாலைக்கு ஊசி போட்டா ஆளு போயிடும். கீழாநெல்லி அரச்சுக் குடுத்துக்கறோம். ஏந்திரு கன்னியம்மா."

"இது சாதா காமாலை இல்லண்ணே. சீழ் ரத்தத்துல கலக்குது. இன்னிக்குப் பொழுது தாங்காது" என்றேன்.

"நேத்து படிச்சிட்டு வந்த பொண்ணு, நீ சொல்றியா?"

"நேத்துதாண்ணே படிச்சேன். அதான் இன்னும் மறக்கல."

அவர் அசையவில்லை. கன்னியம்மாதான் கையை நீட்டினாள். "ஊசியப் போடும்மா. ஆத்தாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

டாக்சியில் டிரிப் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி பாண்டிச்சேரி வரை போனேன். அங்கே ஆபரேஷன் செய்து, பித்தக்குழாயை அடைத்திருந்த கல்லை எடுத்து, பித்தம் வடிய ரப்பர் குழாய் வைத்தார்கள்.

மூன்று மாதம் கழித்து அதே கணவர் பக்கத்து வீட்டுக்காரரோடு வந்தார். "கன்னியம்மா களையெடுக்கப் போயிருக்குது. இவனுக்குக் காமாலை. அந்த ஊசியவே போட்டுடு."

வந்தவருக்குக் குளிர் இல்லை, ஜுரம் இல்லை, வலி இல்லை. டாக்டரும் பார்த்தார். இது சாதா காமாலைதான், ஓய்வு போதும், ஊசி வேண்டாம் என்றோம்.

"எம்பொண்டாட்டிக்குப் போட்டே ஆவணும்னு சண்ட போட்ட. இவனுக்கு வேணாம்ன்ற. இவன் இன்னா பாவம் பண்ணான்?"

புதிதாக வேலைக்கு வரும் தங்கைகளுக்குச் சொல்கிறேன். காமாலை என்று கேட்டதும் நிறுத்திவிடாதீர்கள். குளிர் உண்டா, வலி உண்டா என்று கேளுங்கள். இருந்தால் ஒரு நிமிடமும் காக்கவைக்காதீர்கள். இல்லாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து விளக்குங்கள். ஊசி போட்டிருந்தால் எனக்கு ஒரு நிமிடம்தான் ஆகியிருக்கும். வேண்டாம் என்று புரியவைக்க அன்று அரைமணி நேரம் ஆனது.