லென் பூசாத சிமெண்ட்

“கத்தியக் கீழ வை, மியூரியல். கார் வந்துடுச்சு,” என்றான் அவள் கணவன் லென்.

மியூரியல் சுவர் இடுக்கில் வைத்திருந்த வெண்ணெய்க் கத்தியை எடுத்து ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

முன்னூறு வருடக் கல் வீடு. பாதுகாக்க வேண்டிய பழைய கட்டடங்களின் அரசாங்கப் பட்டியலில் இருப்பதால் அனுமதியில்லாமல் சுவரைச் சுரண்டுவதே குற்றம். சமையலறையில் கல் சட்டத்துக்குள் கல் வைத்து அடைத்த ஜன்னல் ஒன்று. முப்பத்தெட்டு வருடமாக அந்த அடைப்பைப் பார்த்தபடி பாத்திரம் கழுவுகிறாள். அதற்கு அந்தப் பக்கம் ஆப்பிள் மரங்கள். தபால்காரியாக ஊர் ஜன்னல்களையெல்லாம் வெளியிலிருந்து பார்த்து ஓய்ந்தவள். இதைத் திறந்து உள்ளிருந்து பார்க்க ஆசை.

கவுன்சில் அதிகாரி ஹாரியட் லோ பூட்ஸைக் கழற்றிவிட்டு நேரே சுவரிடம் போனாள்.

“அந்தக் காலத்துல ஜன்னலுக்கு வரி போட்டப்ப, அதக் கட்டாம இருக்க அடைச்சதா, இல்ல வெளிய அழகா இருக்கட்டும்னு முதல்லயே கட்டின பொய் ஜன்னலான்னு தெரியணும். பொய்யின்னா திறக்க விட முடியாது.”

“எப்படித் தெரியும்?”

“நிஜம்னா சட்டத்துல கண்ணாடி செருகின பள்ளம் இருக்கும். ஆனா மேல சிமெண்ட் பூசியிருந்தா அவ்வளவுதான். அத உடைச்சா கல்லும் பேந்து வந்துடும். இந்தத் தெருவுல எல்லாரும் பூசிட்டாங்க.”

மியூரியல் லெனைப் பார்த்தாள். பூசு, பூசு என்று முப்பது வருடம் அவனை அரித்தவள் அவள்தான். வாங்கிவந்த மூட்டை கொட்டகையிலேயே இறுகி, இப்போது கோழிகள் ஏறி இறங்கும் படிக்கல்.

“இவன் பூசல. சோம்பேறி.”

“யோசிச்சிட்டிருந்தேன்,” என்றான் லென்.

ஹாரியட் மரக்குச்சியால் இடுக்கைக் கிளறினாள். பழைய சுண்ணாம்பு மாவாக உதிர்ந்தது. உள்ளே விரலை விட்டவள் சிரித்துவிட்டாள்.

“உங்க கையக் குடுங்க.”

மியூரியலின் விரல் நுனியில் நேரான பள்ளம். அதில் ஒட்டிய, கண்ணாடியைப் பிடித்திருந்த ஈயத்தின் துணுக்கு.

“கண்ணாடி இருந்திருக்கு. விண்ணப்பம் போடுங்க, திறக்கலாம்னு நான் எழுதறேன். ஆமா, பைக்குள்ள கத்தி எதுக்கு?”

“ஸ்கோன் ரொட்டிக்கு வெண்ணெய் தடவ. உட்காருங்க, ஜாம் இருக்கு.”

மியூரியல் சுண்ணாம்புக் கையோடு லென்னின் வழுக்கைத் தலையைப் பிடித்து முத்தமிட்டாள்.

“அப்ப நீ அடிக்கச் சொன்ன தோட்டத்துக் கேட்டு பெயிண்ட்?” என்றான் அவன்.

“அதையும் யோசிச்சிட்டே இருடா, என் ராஜா.”

மறுநாள் மழை. மியூரியல் விண்ணப்பத்தில் இரண்டு பக்கம் நிரப்பினாள். லென் கோழிகளுக்குத் தீனி வைத்தான். மதியம் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே பாத்திரம் கழுவினாள்.