கரண்ட் இல்லாத நேரத்தில் வந்த அறிவிப்பு

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிற ஆள் நான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரம்பலூரில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். காயில் எரிந்தால் எரிந்தது, ஒயர் அறுந்தால் அறுந்தது, அவ்வளவுதான் என் உலகம். தோட்டத்து மோட்டாரை ராத்திரியில் முனி ஓட்டுகிறது என்று வந்த ஒருவரிடம், ஸ்டார்ட்டரைக் கழற்றி உள்ளே செத்துக் கிடந்த பல்லியைக் காட்டித் திட்டி அனுப்பியவன். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்கு வருத்தமே இல்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

என் மனைவி கவிதாவுக்குச் சொந்த ஊர் பூலாம்பாடி. அங்கே வருஷா வருஷம் இளவட்டங்கள் சேர்ந்து சனி, ஞாயிறு இரண்டு சாயங்காலமும் இன்னிசை விழா நடத்துவார்கள். டிக்கெட் கிடையாது, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். அந்த வருஷம் கவிதாவின் தம்பி தினேஷ் மேடையில் ரிதம் பேட் வாசிக்கிறான் என்று குடும்பத்தோடு போயிருந்தோம்.

இலவசக் கச்சேரி என்றால் எங்கள் பக்கம் மத்தியானமே போய்ப் பாயைப் போட்டு இடம் பிடித்துவிடுவோம். வெறும் பாய் கிடந்தால் அடுத்தவன் சுருட்டி ஓரமாக எறிந்துவிட்டு உட்கார்ந்துகொள்வான், ஆகவே அதன்மேல் ஒரு குழந்தையை உட்காரவைப்போம். குழந்தை இருக்கிற பாயை யாரும் தொடமாட்டார்கள். எங்கள் பாய்க்கு எங்கள் மகள் யாழினி. அப்போது ஐந்து வயது.

சனிக்கிழமை நாலைந்து பாட்டு முடிந்திருக்கும், கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டரை இன்னும் போடவில்லை. யாழினி மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு என் மடியில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தாள். அப்போதுதான், நம்பினால் நம்புங்கள், கம்பத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் ஓர் அறிவிப்பு வந்தது.

"ஊதா கவுன் போட்ட பொண்ணு, பேரு யாழினி, கிணத்துமேட்டுல நிக்குது. அவங்கப்பா எங்க இருந்தாலும் ஒடனே வரவும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆண் குரல்தான், எங்கேயோ கேட்ட மாதிரி, ஆனால் யார் என்று பிடிபடவில்லை. "யாருடி நம்ம பாப்பா பேரச் சொல்றது?" என்றேன்.

"என்னங்க ஒளர்றீங்க, கரண்டே இல்ல, மைக்கு எங்க பேசும்?" என்றாள் கவிதா.

அவள் சொல்வதும் சரிதான். ஆம்ப்ளிஃபயரில் ஒரு விளக்குகூட எரியவில்லை, எழுந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அக்கம்பக்கத்தில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. வேறு எங்கேயோ கேட்ட சத்தம் என்று மனசைச் சமாதானப்படுத்தினேன். ஆனால் அன்றைக்குத் தூக்கம் வரவில்லை, புரண்டு புரண்டு படுத்தேன், எரிச்சல் எரிச்சலாக வந்தது.

விடிந்ததும் கவிதாவிடம், இந்த ஊரில் கிணற்றுமேடு என்று ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன்.

"மேடைக்குப் பின்னாடி, வேலிகாத்தான் முள்ளுக்கு அந்தாண்ட இருக்கு. அங்க யாரும் போவ மாட்டாங்களே, ஏங்க?"

போய்ப் பார்த்தேன். பாறையை வெட்டி எடுத்த பெரிய கிணறு, சுற்றிலும் கைப்பிடிச் சுவர் கிடையாது. எட்டிப் பார்த்ததுமே திரும்பி வந்துவிட்டேன்.

சாயங்காலம் பார்த்தால் யாழினி ஊதா கவுன் போட்டுக்கொண்டு நிற்கிறாள். தினேஷ் அன்றைக்குத்தான் வாங்கி வந்தானாம். "கழட்டுடி அத" என்று கத்திவிட்டேன்.

கவிதாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எந்தம்பி ஆசையா வாங்கிக் குடுத்தா ஒங்களுக்குப் பொறுக்காதே!"

காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது. முனியை நம்பாதவன் மைக்கை நம்புகிறான் என்று மாமியார் வீடே சிரிக்கும். சரி, பிள்ளையின் கையை விடாமல் இருந்தால் போச்சு என்று மைதானத்துக்குப் போனேன். அன்றைக்கு என்ன பாடினார்கள் என்று கேட்டால் சத்தியமாக எனக்குத் தெரியாது. பஞ்சுமிட்டாய் கேட்டு அழுதாள், அதற்குக்கூட விடவில்லை.

அன்றைக்கு ஆரம்பத்திலிருந்தே ஜெனரேட்டரில்தான் ஓட்டினார்கள். தினேஷ் வாசிக்கிற பாட்டுக்கு முன்னால் அது நின்றுபோனது. அவன் மேடையிலிருந்து குதித்து ஓடிவந்தான்.

"மாமா, ஆபரேட்டருக்கு ஒன்னும் புரியலியாம். ஒரு எட்டு வந்து பாருங்க மாமா, எம்மானம் போவுது!"

கெஞ்சுகிறவனிடம் எப்படி முடியாது என்பது? யாழினியைக் கவிதாவிடம் கொடுத்தேன். "கையை விட்டுறாத, சொல்லிட்டேன்."

"பெத்தவளுக்குப் புள்ளையப் பாத்துக்கத் தெரியாதா? போங்க."

ஜெனரேட்டரில் முனை கருகி ஒயர் கழன்றிருந்தது. அதைச் சீவி, முறுக்கி, திரும்ப மாட்டிவிட்டு நிமிர்கிறேன், மேடை ஓரத்தில் கவிதா நிற்கிறாள், தம்பியைப் படம் எடுக்கப் போனை நீட்டிக்கொண்டு, தனியாக.

"பாப்பா எங்கடி?"

"பாயில உக்கார வச்சிருக்கேன். எடம் போயிடும்ல?"

பாயைப் பார்க்கக்கூட நான் போகவில்லை. முள்ளில் வேட்டி கிழிய, கை கிழிய, கிணற்றுமேட்டுக்கு ஓடினேன். பாறை விளிம்பில் ஊதா கவுன் தெரிந்தது. முட்டியில் கை ஊன்றி, கிணற்றுக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் திடுக்கிட்டுவிடுவாள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னாலிருந்து போய் இடுப்போடு அள்ளினேன். அப்படியே மல்லாக்க விழுந்தோம். ஆம்பளை அழக்கூடாது என்பதெல்லாம் எங்கே போனதோ, வாய்விட்டு அழுதேன். பின்னாலேயே ஓடிவந்த கவிதா தலையில் அடித்துக்கொண்டாள்.

குலசாமிதான் முன்கூட்டியே சொல்லிக் காப்பாற்றியது என்று மாமியார் தேங்காய் உடைத்தார். அன்றைக்கு அதை நானும் நம்பத் தயாராகத்தான் இருந்தேன். அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் பஸ்ஸில் வரும்போது வாய் சும்மா இருக்காமல், "தங்கம், நேத்து ஏண்டா அங்க போன?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"மைக்ல கூப்ட்டீங்கல்லப்பா."

"யாரு கூப்ட்டா?"

"நீங்கதான். 'யாழினி, அப்பா கிணத்துமேட்டுல இருக்கேன், வாம்மா'ன்னீங்க. முள்ளுகிட்ட வந்ததும், கிணத்துக்குள்ளேருந்து பேசுனீங்க."

பக்கத்துப் பாய்க்காரர்களிடம் பிற்பாடு விசாரித்தேன். அவர்களுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லையாம். "அப்பா கூப்புடுறாருன்னு சொல்லிட்டுத்தாங்க எந்திரிச்சிச்சு, அதான் விட்டுட்டோம்" என்றார்கள். அந்த நேரத்தில் மைக்குக்குப் போகவேண்டிய கரண்ட், கழன்ற ஒயராக என் கையில் இருந்தது.

எனக்குச் சேதி சொன்னதும் அவளைக் கூப்பிட்டதும் ஒன்றேதானா என்று யோசித்தால் இன்றைக்கும் இருப்புக்கொள்ளாது. யாழினி இப்போது மூன்றாவது படிக்கிறாள். அதைப் பற்றி ஒன்றும் பேசுவதில்லை. ஆனால் பஸ் ஸ்டாண்டிலோ கல்யாண மண்டபத்திலோ எங்கே மைக் கரகரத்தாலும் அவள் ஸ்பீக்கரைப் பார்ப்பதில்லை, சட்டென்று நிமிர்ந்து என் வாயைத்தான் பார்க்கிறாள். அசைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் என் கையைப் பிடிக்கிறாள்.