அண்ணன் விழுங்கிய ஆறு மிடறு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் முதலில் தாளைப் பொறுத்தருள வேண்டும். நான் பிழை திருத்தும் வேலை பார்க்கும் அட்டன் அச்சகத்தில், கல்யாணப் பத்திரிகைகளுக்கு வெட்டியது போக மிஞ்சிய தாள் இது. ஆகவே சில பக்கங்கள் மஞ்சளாகவும் சில பக்கங்கள் ரோஜா நிறத்திலும் இருக்கும். அண்ணன் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் துக்கத்துக்குப் பொருத்தமான நிறம் எங்களுக்கு வாய்க்கவில்லை. அச்சுப்பிழைகள் இருந்தால் அவை முழுவதும் என்னுடையவை. அண்ணன் மீது பிழை சுமத்திப் பார்த்தவர்களின் கதை வேறு; அதைத்தான் எழுதப் போகிறேன்.

அண்ணன் பிறந்தது கொட்டகலைக்கு மேலே உள்ள தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் பத்துக் காம்பரா லயத்தில், ஆறாம் காம்பரா என்ற ஒற்றை அறையில். மறைந்ததும் அதே காம்பராவில்தான். எங்கள் தகப்பனார் குளிர்காய்ச்சலில் போனபோது அண்ணனுக்கு மீசை அரும்பவில்லை. தம்பி படிக்கட்டும் என்று சொல்லிவிட்டு அவர் ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தேயிலை ஆலையில், விறகு சுமக்கப் போனார். நான் படித்தேன். ஆங்கிலம், தமிழ் இலக்கணம், நாலு தேசத்துச் சரித்திரம் எல்லாம் படித்து முடித்து, அதே ஸ்டோரில் கோப்பை கழுவும் வேலைக்குச் சேர்ந்தேன். அண்ணன் சிந்திய வியர்வைக்கு அன்றைக்குக் கிடைத்த பலன் அவ்வளவுதான்.

என் வேலையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஸ்டோரில் தேயிலை ருசி பார்க்கும் அறை ஒன்று உண்டு. அங்கே வெந்நீர் வைத்து, கோப்பைகளை வரிசையாக அடுக்கி, துரை ருசி பார்க்கும்போது அருகில் படிக்கத்தை ஏந்தி நிற்க வேண்டும். துரை ஒரு கரண்டி தேநீரை ஓடை பாய்வதுபோல் உறிஞ்சுவார், வாய்க்குள் சுழற்றுவார், பிறகு படிக்கத்தில் துப்புவார். நன்னூல் படித்தவன் ஏந்திய படிக்கம் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் குறி தவறியிருக்காது.

அண்ணனோ அதற்குள் உயர்ந்து, தேயிலையைக் காய வைக்கும் டிரையரில் பகல் முறை வேலைக்காரர் ஆகியிருந்தார். இரவு முறை மாடசாமி அண்ணன் என்ற இன்னொருவருடையது. ஆனால் செய்தவன் வாயில் செய்த தேயிலை படக்கூடாது என்பது ஸ்டோர்ச் சட்டம். லயத்துக்குக் கிடைப்பது கடைசிச் சல்லடையில் விழும் தூள். அண்ணன் இருபது வருடமாக வாசனையாலேயே தேயிலையை அறிந்தவர்.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்து சில ஆண்டுகளுக்குப் பின், தோட்டத் தமிழரான எங்கள் வாக்குரிமை போயிருந்த காலத்தில், புதுத் துரை ஒருவர் வந்தார். சிக்கனத்தில் நாட்டமுள்ளவர். ஒருநாள் ருசி பார்த்தபடியே, ஸ்டோரை மேற்பார்க்கும் டீமேக்கரிடம், டிரையருக்கு விறகைப் பாதியாகக் குறைக்கவும், இலையைத் தடிப்பாகப் பரப்பி வேலையை முடிக்கவும் உத்தரவிட்டார். எழுத்தில் ஏதுமில்லை. கேட்ட காதுகள் நாலு. அவற்றில் இரண்டு என்னுடையவை.

அண்ணன் அன்றைக்கே டீமேக்கரிடம் போனார்.

"ஐயா, சூடு பத்தலைங்க. இப்புடிப் பரப்புனா எலை காயாது, வெந்துரும்."

சொன்னதைச் செய் என்று பதில் வந்தது. செய்தார். அடுத்த மாதம், எங்கள் தேயிலையை விற்கும் கொழும்புக் கம்பெனியிலிருந்து, தேயிலை மந்தமாக, வெந்த ருசியோடு இருக்கிறது என்று கடிதம் வந்தது. இனி ஒரு குற்றவாளி தேவைப்பட்டான். அண்ணன் பகலில் டிரையர் பக்கத்தில் தூங்கினார், நெருப்பு தணிந்துவிட்டது என்று முடிவாயிற்று. தண்டனை பற்றுச்சீட்டு. தோட்டத்தார் அறிவீர்கள், பற்றுச்சீட்டு கிடைத்தால் வேலையோடு காம்பராவும் போகும். பிரஜாவுரிமையும் இல்லாத குடும்பம், மதினியும் நாலு பிள்ளைகளும், எங்கே போவது?

விசாரணை ருசி பார்க்கும் அறையிலேயே நடந்தது. அந்தக் கடிதத்தை எழுதிய கொழும்பு வெள்ளைக்காரரும் அன்று வந்திருந்தார். துரை எங்கள் தமிழில் பேச முயல்பவர்.

"நீ தூங்கிச்சு. பொய் வேணாம்."

"தூங்கலைங்க. வெறகைக் கொறைக்கச் சொன்னாங்க."

துரை டீமேக்கரைப் பார்த்தார். டீமேக்கர், அப்படி யாரும் சொல்லவில்லை என்று கூரையைப் பார்த்துச் சொன்னார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் படிக்கத்துக்குள் பார்த்தேன். அதில் என் முகம் தெரிந்தது. நல்ல பித்தளை, நானே துலக்கியது.

அண்ணன் என்னை மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. அலமாரியைக் கைகாட்டினார். ஒவ்வொரு முறையிலும் காய்ந்த தேயிலையில் ஒரு பிடி, நாளும் முறையும் எழுதிய டப்பாவில் அங்கே இருக்கும்.

"கொழும்புல நல்லதுன்னு சொன்னதுல மூணு, கெட்டதுன்னு சொன்னதுல மூணு எடுத்து ஊத்துங்க. கலைச்சு வைங்க. எது எதுன்னு நான் சொல்றேன். தப்பாச் சொன்னா சீட்டைக் குடுங்க, இன்னைக்கே காம்பராவைக் காலி பண்றேன்."

துரை சிரித்தார். கொழும்புக்காரர் சிரிக்கவில்லை. அவரே எழுந்து ஆறு டப்பாக்களை எடுத்தார். நான் வெந்நீர் ஊற்றியதும், எங்களை எல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பச் சொல்லிவிட்டுக் கோப்பைகளை இடம் மாற்றி வைத்தார்.

அண்ணன் கரண்டியை எடுத்தார். முதல் மிடறு உள்ளே போனதும், பழக்க தோஷம், நான் ஓடிப்போய் அவர் மோவாய்க்குக் கீழே படிக்கத்தை நீட்டினேன். அவர் அதன் விளிம்பில் கைவைத்துத் தள்ளினார்.

"கொண்டு போடா அங்கிட்டு. நாங்க செஞ்சது. எதுக்குத் துப்பணும்?"

விழுங்கினார். அந்த அறை கட்டிய நாளிலிருந்து அங்கே யாரும் தேநீரை விழுங்கியதில்லை. துரை முகம் சிவந்து, துப்பு என்றார். அண்ணன் இரண்டாவதையும் விழுங்கினார். கெட்டதையும் நல்லதையும் ஒரே மரியாதையோடு விழுங்கினார். ஆறும் முடிந்ததும் மூன்று கோப்பைகளை இந்தப் பக்கமும் மூன்றை அந்தப் பக்கமும் தள்ளி வைத்தார்.

"இதெல்லாம் அடுப்புல வெறகு இருந்த நாளு. இதெல்லாம் இல்லாத நாளு."

கொழும்புக்காரர் டப்பாக்களோடு ஒத்துப் பார்த்தார். ஆறும் சரி. அண்ணன் கெட்ட மூன்றின் டப்பாக்களில் எழுதியிருந்த முறையையும் படிக்கச் சொன்னார். இரண்டு பகல்; ஒன்று இரவு.

"நான் பகல்ல தூங்குனா, மாடசாமி ராவுல காய வச்சது எப்புடிங்க வெந்துச்சு?"

டீமேக்கர் மறுபடியும் கூரையைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு வீரம் வந்தது. வெற்றி உறுதியான பிறகு வரும் வகையைச் சேர்ந்தது அது. விறகைக் குறைக்கச் சொன்னபோது படிக்கத்தோடு நான் இங்கே நின்றேன் என்று, இலக்கணப் பிழையில்லாத ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த வாரமே, கோப்பைகளில் கறை இருந்ததாக என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அட்டன் அச்சகம் எனக்குக் கிடைத்தது இப்படித்தான். வெளியே வந்த அன்று அண்ணன் என் தோளைத் தட்டி, "படிச்ச இங்கிலீசு இன்னைக்குத்தான்டா வெளிய வந்துச்சு" என்றார். அதைவிடப் பெரிய பட்டம் எனக்கு யாரும் தரவில்லை.

அண்ணனின் வேலை நிலைத்தது. விறகு பழைய அளவுக்கு வந்தது. மன்னிப்பு வரவில்லை, எச்சரிக்கைக் கடிதம் வந்தது. உத்தரவின்றித் தோட்டத்துத் தேயிலையை விழுங்கிய குற்றத்துக்காக. அண்ணன் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். மறுநாளிலிருந்து, டிரையரில் முதலில் விழும் தேயிலையில் ஒரு சிட்டிகை எடுத்துத் தகரக் குவளையில் போட்டு, எல்லாரும் பார்க்கக் குடித்தார். மாடசாமி அண்ணன் இரவில் குடித்தார். பிறகு சலிக்கும் பெண்கள் குடித்தார்கள். டீமேக்கர் அந்த நேரத்தில் வேறு பக்கம் பார்க்கக் கற்றுக்கொண்டார்.

அந்த அடுப்பின் புகைதான் கடைசியில் அண்ணனின் நெஞ்சில் தங்கியது. நுவரெலியா ஆஸ்பத்திரியிலிருந்து காம்பராவுக்குத் திரும்பிய நாலாம் நாள், உறவினர்கள் வழக்கப்படி பால் கொண்டு வந்தார்கள். அவர் தலையசைத்துவிட்டார். மதினி புரிந்துகொண்டு தேநீர் ஊற்றினார். நான் கரண்டியால் கொடுத்துவிட்டு, சளி துப்புவதற்கு வைத்திருந்த சாம்பல் டப்பாவை மோவாய்க்குக் கீழே நீட்டினேன். அண்ணன் ஒரு விரலால் அதைத் தள்ளினார். விழுங்கினார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். பாடை சுமந்த லயத்தார்; உத்தரவு கேளாமல் டிரையரை ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு வந்த மாடசாமி அண்ணனும் ஸ்டோர்த் தோழர்களும்; தாளுக்குக் காசு வாங்காத என் முதலாளி; எல்லாருக்கும் மேலாக மதினி. ஆறாம் காம்பரா வேறு ஆளுக்கு வேண்டும், காலி செய்க என்று போன மாதம் மதினிக்கு ஒரு கடிதம் வந்தது. அண்ணனுக்கு வந்த எச்சரிக்கைக் கடிதத்துக்குப் பக்கத்தில் மதினி அதற்கும் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.

இன்றைய தேநீர் அதே ஆறாம் காம்பராவில்தான். அனைவரும் வாருங்கள். படிக்கம் வைக்கவில்லை.