சட்டைப் பையில் சிவப்புத் தாள்

என் மாமா வேனுக்குப் பாடி கட்டுகிறவர். திருத்தங்கலில் பட்டறை. நான்குவழிச் சாலை வேலை நடந்துகொண்டிருந்த சமயம், விருதுநகர் பருப்பு வியாபாரி பாய் ஒருவர், கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவத் தொட்டி எல்லாம் உள்ளேயே வைத்து, குடும்பத்தோடு ஊர் சுற்ற ஒரு வேன் கட்டித் தரச் சொன்னார். அப்படியொரு ஆர்டர் மாமாவுக்கு அதுதான் முதல்.

கேட்டது பாய்; தீர்ப்புச் சொல்லப்போவது அவர் மனைவி. வேறெங்கோ கட்டி வாங்கிய பழைய வேன் கொடைக்கானல் மழையில் ஒழுகியிருக்கிறது. "கட்டில்ல குடை பிடிச்சுக்கிட்டுல்ல படுத்துக் கெடந்தோம்! ஈரம் தெரிஞ்சாலே வண்டி வேணாம்" என்று சொல்லிவிட்டார். மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை.

வழி சொன்னது அத்தைதான். பட்டாசுக்குத் தாள் சுற்றும் வேலை அவளுக்கு. அந்தச் சிவப்புத் தாளில் வியர்த்த கை பட்டாலே சாயம் இறங்கிவிடும், போர்மேனிடம் வசவு விழும். அதைக் கிழித்து வேனுக்குள் இணைப்புக்கு இணைப்பு ஒட்டினாள். "லேசா கசிஞ்சாலும் காட்டிக் குடுத்துரும், பாருங்க."

பாய் குடும்பம் வந்து நின்றது. தண்ணி லாரிக் குழாயைக் கூரைமேல் கால் மணி நேரம் திறந்துவிட்டார்கள். தாளைப் பார்த்துவரப் பத்து வயசுக்காரியான என்னை உள்ளே அனுப்பினார்கள். எல்லாம் காய்ந்திருந்தது, பின் ஜன்னல் ஓரத்து ஒன்றைத் தவிர. அது வடிந்துகொண்டிருந்தது. மாமா மானம் போய்விடுமே! பிய்த்துப் பள்ளிக்கூடச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு வெளியே குதித்து, "ஒண்ணுகூட நனையல!" என்று கத்தினேன்.

பட்டறையே கைதட்டியது. என்னைத் தூக்க வந்த மாமா அப்படியே நின்றுவிட்டார். வெள்ளைச் சட்டையில் பை முழுக்கச் சிவப்பு.

"ஏ புள்ள, என்ன ரத்தம்?" என்று பதறிப் பைக்குள் விட்ட கையில் நனைந்த தாள் வந்தது.

எதையாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். மாமாவோ அதைப் பாயின் மனைவியிடமே நீட்டினார். "அக்கா, பின் ஜன்னல் கசியுது. நாலு நாள் குடுங்க. ரப்பரை மாத்திட்டு உங்க முன்னாடியே திரும்பத் தண்ணி ஊத்துறேன்."

மனுஷனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா? எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த அம்மா தாளையும் என் சட்டையையும் மாறி மாறிப் பார்த்துச் சிரியோ சிரியென்று சிரித்தார். பிறகு பாயிடம், "எங்க அண்ணனுக்கும் இவுகளையே ஒண்ணு கட்டச் சொல்லுங்க" என்றார்.

பட்டறையில் ஒரே விசில். அத்தை என் முதுகில் ஒன்று வைத்து, உடனே கட்டிக்கொண்டாள். ஐந்தாம் நாள் மறுபடி தண்ணீர் ஊற்றியபோது ஒரு தாளும் நனையவில்லை. வேன் மாலை போட்டுக்கொண்டு விருதுநகருக்குக் கிளம்பியது.

அடுத்த பட்டாசு சீசன் வரைக்கும் பள்ளிக்கூடத்தில் நான்தான் ராணி. நான் சொன்ன பொய்யால்தான் மாமாவுக்கு இரண்டாவது ஆர்டர் கிடைத்தது என்று, கறை போகாத அந்தச் சட்டையைக் காட்டிக் காட்டிப் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.